பாட்டு முடிந்ததும் வரும் சிரிப்பு

ஊரின் பெயரை எழுத மாட்டேன். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போய், அங்கிருந்து நாகலாபுரம் போகிற வழியில் எங்கேயோ ஒரு மண்பாதையின் முடிவில் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் சங்கீதம் தெரிந்தவன் அல்ல. சிங்கப்பூர்க்காரன், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காது பாதி அங்கேயே போய்விட்டது. பிலோமினா அக்காதான் பாட்டுக்காரி. அவளும் எல்லாரையும்போல ஒரு பாட்டு பாடியிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எழுதிய பாட்டுகளை, வாத்தியமே இல்லாமல் வெறும் வாயால் பாடும் குழு ஒன்றில் இருந்தாள். ஒருவர் ஒரு வரியைத் தொடங்குவார். அவர் முடிக்கும்வரை பொறுக்காமல் அடுத்தவர் அதே வரியைப் பிடித்துக்கொள்வார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசுவதும் அப்படித்தான். அதற்கு யாரும் கை தட்டியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துணி கட்டிக்கொண்டு, கைபேசியில் தட்டச்சு செய்து காட்டித்தான் பேசுகிறாள். அவள் அறை முழுக்க அந்தக் காலத்துப் பாட்டுகளின் குறுந்தட்டுகள். ஒரே பாட்டை ஏழு குழுக்கள் பாடிய ஏழு தட்டுகள் வைத்திருக்கிறாள். "இவர்கள் கல் கோயிலுக்குள் நின்று பாடியிருக்கிறார்கள், எதிரொலியில் பாதிச் சொல் கரைந்துவிட்டது" என்று ஒன்றைப் பற்றி எழுதிக் காட்டுவாள். "இதில் ஒரு குரலுக்கு ஒரே ஆள், மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது பார்" என்பாள் இன்னொன்றுக்கு. எனக்கு ஏழும் ஒன்றுதான். தலையை ஆட்டி வைப்பேன்.

அத்தனை தட்டிலும் அவள் குரல் இல்லை. அவளுடைய குழு இளவயதில் ஒரே ஒரு கேசட் பதிவு செய்தது. வீட்டில் இருந்த பிரதியை அழித்தவன் நான். பதினைந்து வயதில், கேசட்டின் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன் மேலேயே கால்பந்து வர்ணனையைப் பதிவு செய்தேன். அந்த ஆட்டத்தில் நம் அணி தோற்றது வேறு. மற்றவர்களிடம் இருந்த பிரதிகளை எங்கள் ஊர் ஈரக் காற்றில் பூசணம் தின்றுவிட்டது.

போன கிறிஸ்துமஸ் அன்று அக்கா எழுதிக் காட்டினாள்: "பாட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் சிரிப்பு எப்படி இருக்கும் என்றுதான் மறந்துவிட்டது." அந்தக் கேசட்டில் முதல் பாட்டு முடிகிற இடத்தில் அவள் சிரித்திருக்கிறாள். மின்விசிறிச் சத்தம் விழாதிருக்க அதை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க, சாப்பிடாமல் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசிச் சுரம் அடங்குகிற நேரத்தில் அடிக்குரல் பாடிய ஆளின் வயிறு உறுமியிருக்கிறது. இவள் பொறுக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். அது அப்படியே பதிவாகி நின்றுவிட்டது. இப்போது அவள் சிரித்தால் தோள் குலுங்குகிறது. சத்தம் வருவதில்லை.

குழுவில் கூடப் பாடிய கன்னியாஸ்திரி ஒருவர் இந்தக் கரிசல் ஊர்க்காரர். ஒரு கேசட்டை ஊருக்குக் கொண்டுபோய்க் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். அவரும் காலமாகிவிட்டார். அவருடைய பழைய வாழ்த்து அட்டை ஒன்றில் ஒரு வரி இருந்தது: "உங்கள் கேசட்டை எங்கள் ஊர்க் கோயிலில் இன்னும் போடுகிறார்கள்." அந்த ஒரு வரியை நம்பித்தான் பொங்கல் முடிந்த கையோடு கோவில்பட்டியில் வந்து இறங்கினேன்.

முதல் நாளே கோணல். கேசட்டைப் பிரதி எடுக்கப் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றையும் ஒரு சின்னப் பதிவுக் கருவியையும் கொண்டுவந்திருந்தேன். விடுதி அறையில் டேப் ரெக்கார்டரைத் திறந்தால், உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகிப் புளிக்குழம்பாகக் கிடந்தது. பெல்ட் தேடி ஒரு கடைக்குப் போனேன்.

"பெல்ட்டா? கேசட்டு போயே எம்புட்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி!" என்றார் கடைக்காரர். "ஒரு பென் டிரைவ் தாரேன், கொண்டு போங்க. நாலாயிரம் பாட்டு இருக்கு."

"எனக்கு ஒரு பாட்டுதான் வேணும்."

"அதுவும் அதுல கெடக்கும்."

"ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின பாட்டு."

"பழைய பாட்டுத்தான் அண்ணாச்சி அதுல நெறைய."

இப்படி ஐந்து கடை ஏறி இறங்கினேன். இந்த ஊரில் 'இல்லை' என்று சொல்கிறவர்கள் ஆளை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. வெளியூர் ஆள் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் திணிக்கிறார்கள். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் மூன்று பொட்டலம் கடலை மிட்டாய், பெல்ட் பூஜ்யம். மிட்டாய் அருமையாக இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் ஊரில் விற்பது பல்லில் ஒட்டும், இது கடித்ததும் உடைகிறது. ஆனால் நான் வந்தது மிட்டாய்க்கு அல்ல.

இரண்டாம் நாள் பேருந்து. முந்தின நாள் இரவு பருவம் தப்பிய மழை ஒன்று பெய்திருந்தது. "எட்டயபுரம் போகுமா?" என்று கேட்டேன். நடத்துநர் "ஏறுங்க, ஏறுங்க" என்றார். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் என் காலைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் நான் கேட்காமலேயே மொழிபெயர்த்தார்: "இந்தச் செருப்பு இன்னைக்கிப் பொழுது தாங்காதுன்னு சொல்லுதாவ."

வண்டி பசுவந்தனையில் போய் நின்றது. நான் நடத்துநரைப் பார்த்தேன்.

"எட்டயபுரம்னு கேட்டேனே."

"இங்கன இருந்தும் போகலாம்லா."

"பஸ் எங்கே நிற்கும்?"

"பஸ்ஸு கெடையாது. ஆனா போகலாம்."

சிங்கப்பூரில் ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான். பசுவந்தனைத் தேநீர்க் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, வந்த பேருந்திலேயே கோவில்பட்டிக்குத் திரும்பி, மறுபடி எட்டயபுரத்துக்கு வண்டி பிடித்தேன். அங்கிருந்து ஒரு ஆட்டோ. மண்பாதை தொடங்குகிற இடத்தில் ஆட்டோக்காரர் இயந்திரத்தை அணைத்தார்.

"இதுக்கு மேல மண்ணு விடாது. நடந்துருங்க, பக்கந்தான்."

கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு நடந்திருக்கிறீர்களா? முதல் அடியில் செருப்பு மண்ணைத் தூக்கும். பத்தாவது அடியில் மண் செருப்பைத் தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் உளுந்தும் மிளகாயும் காய்ந்து நின்றன. குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். நான் வலது கால் செருப்பை அந்தப் பாதைக்கே கொடுத்துவிட்டு ஊருக்குள் நுழைந்தேன். தெலுங்குப் பெண்கள் சொன்னது பலித்துவிட்டது.

சின்னக் கோயில். கோபுரத்தின் உச்சியில் சிலுவை, சிலுவைக்குக் கீழே நான்கு திசைக்கும் ஒலிபெருக்கிக் குழாய்கள். பங்குச் சாமியார் ஞாயிறு மட்டும்தான் வருவாராம். மற்ற நாளில் எல்லாம் உபதேசியார் சவரிமுத்துவின் பொறுப்பு. அறுபது வயது, ஒரு காது உடைந்து நூலால் கட்டிய கண்ணாடி, அவசரமே தெரியாத முகம். நான் கேசட் என்ற சொல்லை முடிப்பதற்குள் அவர் பூசைச் சாமான் அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். டப்பாவுக்குள் துணி, துணிக்குள் கேசட். மேலே ஒட்டியிருந்த தாளில் அக்காவின் கையெழுத்து. இத்தனை வருடமாகியும் ஒரு புள்ளி பூசணம் இல்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"பாத்துக்கிடுங்க. ஆனா போட முடியாது" என்றார் உபதேசியார்.

"ஏன்?"

"ஊர்ல யாராச்சும் இறந்தாத்தான் போடுவோம்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கேசட் ஊருக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். அன்றைக்குப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் பாட்டு மட்டும் குழாயில் போகும். கேட்டவர்கள் காட்டில் இருந்தாலும் களத்தில் இருந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு, கை கால் கழுவி, கோயில் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். வழியில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "பாட்டு முடிஞ்சு கடைசியில ஒரு சிரிப்பு வரும் பாத்துக்கிடுங்க. மோட்சத்துல கதவு தொறக்குத சத்தம்பாங்க எங்க ஊர்ல. அது வந்த பெறவுதான் மைக்குல பேரு சொல்லுவோம்" என்றார்.

கதவு திறக்கிற சத்தமாம். ஒரு ஆளின் வயிறு உறுமிய கதையை அவரிடம் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் இருப்பவை லத்தீன் வேண்டுதல்கள், இறந்தோருக்கான பாட்டும் அதில் ஒன்று. முதல் பக்கத்தில் இருப்பவை இத்தாலிய மொழிக் காதல் பாட்டுகள். முதல் பாட்டில் ஒரு ஆட்டிடையன் ஒரு பெண்ணைக் கெஞ்சுகிறான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போ என்கிறான். அக்கா அந்தக் காலத்திலேயே அர்த்தம் சொல்லி என்னை வெட்கப்பட வைத்த பாட்டு. நாற்பத்தைந்து வருடமாக இந்த ஊர் அதைப் போட்டுத்தான் தன் பிணங்களை எடுத்திருக்கிறது. கேசட்டில் எந்தப் பக்கம் என்று பார்த்துப் போட ஒரு ஆள் இல்லாமல் போனாரே!

"கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரு பிரதி எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்றேன்.

"ஒரு தடவ அப்படிக் கொண்டு போனோம். அன்னைக்கின்னு பாத்து ஒரு சாவு. பாட்டு இல்லாமலே எடுத்தோம். அந்த வீட்டுக்காரவிய இன்னைக்கி வரைக்கும் என்கூடப் பேசமாட்டாவ."

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

"இருங்க, இருங்க" என்று ஆறுதலாகச் சொன்னார். "மிக்கேல் பெரியவரு ரொம்ப முடியாமத்தான் கெடக்காவ."

கடல் கடந்து வந்து, முகம் தெரியாத ஒரு மனிதர் சாவதற்காகக் காத்திருக்கும் நிலைமைக்கு ஆளானேன். உபதேசியாரின் மனைவி கருவாட்டுக் குழம்பும் மோர் மிளகாயும் வைத்துச் சோறு போட்டார். குழம்பு அவ்வளவு நன்றாக இருந்ததில் எரிச்சல் இன்னும் கூடியது. கோபத்தோடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு எனக்கே தாங்கவில்லை. அக்காவின் தொண்டை, கால்பந்து வர்ணனை, அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் உபதேசியாரிடம் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில எல்லாரும் காட்டுக்குப் போயிருவாவ. தீப்பெட்டி ஆபீஸ் வேனும் போயிரும். குழாய்ச் சத்தத்தச் சுத்தமா கொறச்சுட்டு, உள்ளுக்குள்ள மட்டும் போடுதேன். ஒரே தடவதான்."

"குழாயோட ஒயரைக் கழட்டிடலாமே?"

"அத மைக் செட்டுக்காரருதான் தொடணும்."

"அவர் எங்கே?"

"உளுந்து எடுக்கப் போயிருக்காரு."

கப்பல் இயந்திரத்தையே பிரித்துப் போட்டு மாட்டியவனை ஒரு ஒயரைத் தொடக்கூடாது என்கிறார்கள். அவர் போக்கிலேயே விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கோயிலின் பக்கத்து அறையில் நானும் அவரும். ஒலிபெருக்கிப் பெட்டியிலேயே கேசட் போடும் இடமும் இருந்தது. பெட்டியின் முகத்தில் ஆறு திருகுகள். எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டன. உபதேசியார் ஒன்றைப் பிடித்து இடது பக்கம் கடைசிவரை திருகினார். "ஆச்சு" என்றார். பொத்தானை அழுத்தினார்.

அவர் குறைத்தது மைக்கின் திருகை. பாட்டு, நான்கு குழாயிலும் முழுச் சத்தத்தோடு, ஊரையும் காட்டையும் தாண்டிப் போயிற்று.

முதலில் ஒரு குரல் மட்டும் வரும். அது அக்கா. இருபத்து மூன்று வயது அக்கா. என்னை 'டேய்' என்று கூப்பிட்ட குரல், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் கத்தக் கத்த உள்ளே பாடிக்கொண்டே இருந்த குரல். உபதேசியார் பதறிப்போய்ப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அது என் தப்பு. அப்பட்டமான தப்பு.

"விடுங்க அண்ணாச்சி! ஊரு வந்துரும்!"

"கொஞ்சம் இருங்க!"

மூன்று நிமிடப் பாட்டு. கடைசி வரி அடங்கப் போகிற நேரத்தில் அவர் கையை உதறிக்கொண்டு நிறுத்திவிட்டார். சிரிப்புக்கு ஒரு மூச்சு முன்னால். சரி, இதுவாவது கிடைத்ததே என்று என் பதிவுக் கருவியைப் பார்த்தேன். அதில் பதிவுப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை.

வெளியே வந்தபோது முற்றம் நிறைந்துகொண்டிருந்தது. கையில் பிடுங்கிய உளுந்துச் செடியோடு பெண்கள், ஈரக் கால்களோடு ஆண்கள். பாதி வழி போன தீப்பெட்டி ஆபீஸ் வேன் திரும்பி வந்து நின்றது, தீக்குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிற இருபது பெண்கள் இறங்கினார்கள். யாரும் பேசவில்லை. எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பு வரவில்லை. பாட்டு முடியவில்லை. பெயர் சொல்லவில்லை. யாருடைய வீட்டுச் சாவு என்று தெரியாமல் ஒரு ஊரே நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மிக்கேல் பெரியவரின் மகள் மரியபுஷ்பம். பாட்டைக் கேட்டதும் காட்டிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

"எங்கய்யாவுக்குத்தான்னு நெனச்சு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடுதேன்! அவிய கட்டில்ல எந்திச்சு ஒக்காந்து, 'ஏட்டி, யாருக்குப் பாட்டு?'ன்னு என்கிட்ட கேக்குதாவ! உபதேசியாரே, யாரு செத்தா? சொல்லும்!"

உபதேசியார் என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது.

"சிங்கப்பூர்ல இப்படித்தான் வெளையாடுவியளோ?" என்றார் ஒருவர். "ஒரு நா வேல போச்சு" என்றது வேனில் வந்த ஒரு குரல். "பாட்டு இப்படிப் பாதியில நின்னா ஊருக்கு ஆகாது" என்றாள் இன்னொருத்தி. ஆளாளுக்குப் பேசினார்கள், ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர். மூன்று நாள் அலைச்சலும் எனக்குத் தலைக்கேறியது. ஒற்றைச் செருப்போடு படியில் நின்று கத்திவிட்டேன்.

"அது எங்க அக்கா! அந்தப் பாட்டு பாடுறது எங்க அக்கா! கேக்க வந்தேன். நான் கேக்கக் கூடாதா?"

சத்தம் நின்றது.

"பாடுதது வெள்ளக்காரக் கன்னியாஸ்திரியில்லா?" என்றாள் மரியபுஷ்பம்.

"எங்க அக்கா. தமிழச்சி. கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருக்கு. மீன் குழம்பு வைப்பா."

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

யாரும் நம்பவில்லை. காட்டச் சொன்னார்கள். எங்கள் ஊரில் மின்தூக்கிக்குள் நின்றாலும் கைபேசி எடுக்கும். இங்கே கோயில் படியில் எடுக்கவில்லை, முற்றத்தில் எடுக்கவில்லை. கோபுரத்துக்கு ஏறும் ஏணியின் ஏழாவது படியில்தான் எடுத்தது. ஏணியில் தொங்கிக்கொண்டே அக்காவைக் காணொளியில் அழைத்தேன். அங்கே மதியம் நெருங்கிவிட்டது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டு திரையைப் பார்த்தாள். திரையில் நான் இல்லை, ஒரு ஊர் இருந்தது.

விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் ஆட்கள் ஏணியடிக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க மாமியாவுக்கு நீங்கதாம்மா பாடுனிய."

"எங்க அண்ணனுக்கு, எங்க சின்னையாவுக்கு, ரெண்டு பேருக்கும்."

"எம்புள்ளைக்கும்" என்றாள் ஒருத்தி.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். திரையில் எழுத்து வந்தது. நான் உரக்கப் படித்தேன்: "எல்லாருடைய பெயரையும் சொல்லுங்கள்." சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையசைத்தாள். அவள் சோறு ஆறிப்போயிற்று. ஏணிப் படி என் உள்ளங்காலை அறுத்துக்கொண்டிருந்தது. 'போதும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். மேலே மிக்கேல் பெரியவர் போர்வைக்குள் கிடந்தார், கண் மட்டும் நன்றாக விழித்திருந்தது. மரியபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

"பாட்டப் பாதியில நிறுத்துனது எவம்லே?" என்றார் பெரியவர், மூச்சிரைக்க. "முழுசாப் போடுங்க. என் சாவுக்குப் போடும்போது நான் எங்க கேக்கப் போறேன்?"

"மாமா, சாவு இல்லாமப் போடக் கூடாதுல்லா" என்றார் உபதேசியார்.

"நான் செத்ததாவே வச்சுக்கிடும்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். கட்டிலை முற்றத்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். உபதேசியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போனார். இந்த முறை பதிவுப் பொத்தானை மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். ஒரு கையில் பதிவுக் கருவி, மறு கையில் அக்கா, ஏணியைப் பிடிக்க முழங்கை.

பாட்டு போயிற்று. அக்கா தனியாகத் தொடங்கினாள், இரண்டாவது குரல் சேர்ந்தது, மூன்றாவது, நான்காவது. எனக்கு அன்றுதான் அந்தப் பாட்டில் நான்கு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். திரையில் அக்காவின் உதடு அசைந்தது. கடைசி வரி அடங்கியது. சிரிப்பு வந்தது. குட்டிச் சிரிப்பு, தொடங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டதுபோல. நான்கு குழாயிலிருந்தும் அது கரிசல்காடு முழுக்கப் போயிற்று. ஊர் சிலுவை போட்டுக்கொண்டது. திரையில் அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்த பிறகு பெயர் சொல்லியாக வேண்டும். உபதேசியார் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"எம்பேரு வேண்டாம். அதுக்கு நாள் இருக்கு" என்றார் கட்டிலில் இருந்தவர். "பாடுன புள்ள பேரச் சொல்லும்."

உயிரோடிருப்பவர் பெயரை எப்படிச் சொல்வது என்று முணுமுணுப்பு எழுந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டச்சு செய்தாள்: "சொல்லச் சொல். போன குரலுக்கும் ஒருவர் சொல்ல வேண்டாமா?" படித்தேன். அதன் பிறகு முணுமுணுப்பு இல்லை. "பிலோமினா" என்று உபதேசியார் மைக்கில் சொன்னார், வழக்கம்போல மூன்று முறை.

அத்தோடு விட்டிருக்கலாம். உபதேசியாருக்கு ஆர்வம் தாங்கவில்லை. மைக்கை வைத்தபடியே, "அப்படியே அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்னும் கேட்டுச் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார். ஊரே ஏணியைப் பார்த்தது. எனக்கு வேர்த்தது. திரையில் அக்கா உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுன்னு கேக்குற பாட்டு" என்றேன். பொய் இல்லை. பாதி உண்மை.

"அது எங்களுக்கே தெரியும்லா" என்றார் மிக்கேல் பெரியவர்.

கேசட்டை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் தரவும் இல்லை. அது பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட்டது. யாரோ என் செருப்பை மண்ணிலிருந்து தோண்டி, கழுவி, படியில் வைத்திருந்தார்கள். வார் அறுந்திருந்தது. கோவில்பட்டிக்கு வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பதிவை அக்காவுக்குப் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் அதையே கேட்டாள். பிறகு தன் வழக்கப்படி தீர்ப்பு எழுதினாள்: "குழாய் இரைகிறது. நடுவில் ஒரு ஆடு. கடைசியில் யாரோ இருமுகிறார்கள். பதிவு படுமோசம்." ஒரு தட்டில் ஏற்றித் தரச் சொன்னாள். அந்த ஏழு தட்டுகளும் இதே பாட்டுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவற்றுக்குப் பக்கத்தில் இதை எட்டாவதாக வைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு காலை, நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும்போது உபதேசியார் அழைத்தார். "மிக்கேல் பெரியவரு போயிட்டாவ. அக்காவும் பாட்டக் கேக்கணும்னு மரியபுஷ்பம் சொல்லுது" என்றார். ஏணி மேல் நின்று பேசுகிறார் என்பது காற்றுச் சத்தத்திலேயே தெரிந்தது. அடுப்பில் கஞ்சி கொதிக்கிற நேரத்தில்தான் இவர்களுக்கு அழைக்கத் தோன்றும் என்று முணுமுணுத்துக்கொண்டே கைபேசியை மேசையில் வைத்தேன்.

பாட்டு வந்தது. அக்கா எழுந்து நின்று கேட்டாள். சிரிப்பு வந்தது. மைக்கில் பெயர் மூன்று முறை வந்தது. இணைப்பு அறுந்த பிறகும் அவள் உட்காரவில்லை. கைபேசியை எடுத்துத் தட்டச்சு செய்து என் பக்கம் திருப்பினாள்.

"இத்தனை வருடம் யாரென்றே தெரியாமல் எல்லாரிடமும் முத்தம் கேட்டிருக்கிறேன். இவரிடம்தான் தெரிந்து கேட்டேன்."

கஞ்சி அடிபிடித்த வாசனை வந்தது. நான் அடுப்பை அணைக்கப் போனேன்.